ஏரிக் கணக்கில் ஒரு நீர்க்கோலி

இரவுப் பணி முடித்து வருகிறவர்களிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் சரி என்று சொல்லிவிடுவார்கள். மறுப்பதென்றால் காரணம் யோசிக்க வேண்டும். அந்த நேரத்தில் அதற்குத் தெம்பு இருக்காது. அப்படித்தான் அந்த மாசி மாதக் கடைசியில் ஏரிக்கரைக்குப் பறவை எண்ணப் போக நான் ஒத்துக்கொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் செங்கல்பட்டில் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். திருக்கழுக்குன்றம் சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு காலனியில் வீடு. காலனிக்குப் பின்னால் ஒரு சின்ன ஏரி. வீடு கட்டிக் குடிபோன நாளிலிருந்து அந்த ஏரியை நான் துணி காயப்போடும்போது மாடியிலிருந்து பார்த்ததோடு சரி. கரை மேல் ஏறியதில்லை. மகள் பொத்தேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். கணவர் மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டினார். அவர் உள்ளே வரும்போது நான் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பேன். நான் வரும்போது அவர் தலை வரை போர்த்தித் தூங்கிக்கொண்டிருப்பார். ஒரே வீட்டுக்கு வாடகைக்கு வந்த இரண்டு பேர் மாதிரி இருந்தோம்.

காலனியில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் என் வீட்டு கேட்டைத்தான் தட்டுவார்கள். அப்படி வந்தவர்தான் டீச்சர். பெண்கள் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். திருக்கழுக்குன்றத்தில் கோயில் கைங்கரியம் செய்த குடும்பம். கணவர் இறந்துபோய், மகன் பெங்களூரில் வேலையாக, தனி வீட்டில் ஒரு பழைய பைனாகுலரோடு இருந்தார். வாரம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்க வருவார். பட்டையைக் கையில் சுற்றி நான் காற்றடிக்கும்போதுகூட ஜன்னலுக்கு வெளியே ஏதாவது குரல் கேட்டால் தலையைத் திருப்பிவிடுவார். அளவு தப்பும். மறுபடியும் அடிக்க வேண்டும்.

"ஒரு சனி, ஞாயிறுதான் சிஸ்டர். நம்ம வீட்டைச் சுத்தி நடந்து போற தூரத்துல என்னென்ன ஜீவன் இருக்குன்னு பார்த்து எழுதணும். அவ்ளோதான். மாமல்லபுரத்துல ஒரு குழு பண்றா, முட்டுக்காட்டுல ஒரு குழு பண்றா. நம்ம ஏரியை மட்டும் ஏன் விடணும்?"

"எனக்குக் காக்காவும் கொக்கும்தான் தெரியும் டீச்சர்."

"நான் சொல்றேன், நீங்க எழுதுங்கோ. உங்க கையெழுத்துதான் இந்தக் காலனியிலேயே படிக்கிற மாதிரி இருக்கு."

கேஸ் ஷீட் எழுதி எழுதி வந்த கையெழுத்து. சரி என்றேன்.

காலனிச் சங்கச் செயலாளருக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை. "கோயில் மலை மேல வந்துகினு இருந்த கழுகே வர்றது நின்னு போச்சு. இனிமே இன்னாத்த எண்ணப் போறீங்க?" என்று சிரித்தார். ஆனாலும் காலனிக் கூடத்துச் சாவியைக் கொடுத்தார். தெரு மரங்களை இரண்டு குடும்பங்கள் பார்ப்பதாக ஏற்பாடு. ஏரிக்கரை டீச்சருக்கும் எனக்கும்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இரவுப் பணி. வெள்ளிக்கிழமை ராத்திரியோடு அது முடிந்தது; அன்றும் வார்டு நிரம்பி வழிந்தது. சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுக் குடையை எடுத்தேன். கணவர் அப்போதுதான் எழுந்திருந்தார்.

"இன்னாம்மா, இப்பத்தான வந்த? திரும்ப எங்க?"

"ஏரிக்கு. கணக்கெடுக்க."

"வூட்ல படுத்துக்கினு இருக்கறத வுட்டுட்டு காக்கா எண்ணப் போறியா? ஒனக்கு இன்னா தலயெழுத்தா?"

எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. குடையை விரித்துக்கொண்டு கிளம்பினேன்.

கரை மேல் ஏறியதும் வெயில் கண்ணைக் குத்தியது. டீச்சர் எனக்கு முன்னால் மெல்ல நடந்தார். ஒரு பெயர் சொல்வார், நான் எழுதுவேன். முக்குளிப்பான், நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை, பனை மேல் உழவாரன். சில பெயர்களுக்கு அவர் நின்று எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. "அதோ, அந்தக் கல்லுக்குப் பின்னால" என்று கைகாட்டுவார். நான் பார்ப்பதற்குள் அது போயிருக்கும். பார்த்தேன் என்று தலையாட்டுவேன். புங்க மரங்கள் புதுத் தளிர் விட்டிருந்தன. குயில் ஒன்று விடாமல் கூவிக்கொண்டிருந்தது. நல்ல காலைதான். ஆனால் எனக்கு இமை கனத்தது. நின்றபடியே ஓரிரு முறை தூங்கிவிட்டேன். பேனா தாளில் கோடு இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

ஒன்றை மட்டும் நன்றாகப் பார்த்தேன். தாமரை இலைகள் மேல் ஒரு பறவை நடந்துபோனது. நீளமான விரல்கள். ஒவ்வொரு இலையிலும் காலை வைத்து, அது தாங்குகிறதா என்று பார்த்து, அப்புறம் அடுத்த காலை எடுத்து வைத்தது. தூங்குகிற நோயாளிகளை எழுப்பிவிடாமல் கட்டில் கட்டிலாக நாங்கள் நடப்பது போல இருந்தது. "இலைக்கோழி" என்றார் டீச்சர். அந்தப் பெயரை எழுத்துக்கூட்டாமலே எழுதினேன்.

மதகுப் பக்கம் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. போதும், திரும்பலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டீச்சர், மதகுக்குக் கீழே தேங்கியிருந்த தண்ணீரில் ஏதோ ஒரு தும்பியைப் பார்த்துவிட்டு, கல் கட்டின் சரிவில் இறங்கினார். சறுக்கும் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. கீழ்க்கல்லில் கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

"சிஸ்டர், என்னை ஏதோ கடிச்சுடுத்து."

குரலில் பதற்றமே இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளை வராததைச் சொல்வது போலச் சொன்னார். நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேல் ரத்தம் ஓடியது. சின்னக் காயத்துக்கு அது அதிக ரத்தம். கல்லுக்கும் புல்லுக்கும் நடுவில் பழுப்பாக, கட்டம் கட்டமாக ஏதோ ஒன்று நெளிந்து போனது.

"நீர்க்கோலின்னுதான் நினைக்கிறேன்" என்றார்.

"நினைக்கிறதெல்லாம் ஆஸ்பத்திரியில போய் நினைச்சிக்கலாம். உக்காருங்க. கால ஆட்டாதீங்க."

தூக்கம் எங்கே போனது என்று தெரியவில்லை. உடம்பு தன்பாட்டுக்கு வேலையில் இறங்கிவிட்டது. குடையை மடக்கி அவர் காலோடு சேர்த்து வைத்து, என் துப்பட்டாவால் மேலும் கீழும் இறுக்காமல் சுற்றினேன். ஓடுகிற ரத்தத்தைத் துடைத்தேன். அதற்குள் ஏரியில் எருமை கழுவிக்கொண்டிருந்த இருவர் கம்போடு ஓடி வந்தார்கள்.

"அடிக்காதீங்கோ! அதை விட்டுடுங்கோ!" என்று டீச்சர் கத்தினார்.

அவர்கள் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. புல்லுக்குள் கம்பு இறங்குகிற சத்தம் கேட்டது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர்களில் பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்து முறுக்கிக்கொண்டு வந்தார். "நவுருங்க சிஸ்டர். முட்டிக்கு மேல இறுக்கிக் கட்டணும். இல்லனா வெஷம் ஏறிடும்."

"கட்டக் கூடாது."

"இன்னா சிஸ்டர் நீங்க, படிச்சவங்க..."

"கட்டக் கூடாதுன்னு சொல்றேன்ல அண்ணாத்த! தூக்குங்க மொதல்ல."

நான் அப்படிக் கத்தியதற்கு ஒரு காரணம் இருந்தது. என் அம்மாவைப் பாம்பு கடித்தபோது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். பிறர் வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த நேரம். கயிறு போட்டுக் காலை இறுக்கினார்கள். பண்ணை வீட்டு வண்டி களத்தில் சும்மாதான் நின்றிருந்தது. கேட்கப் போன அப்பா தனியாகத் திரும்பி வந்தார். எங்கள் தெருக்காரர்கள் அம்மாவைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தோள் மாற்றித் தோள் மாற்றிச் செங்கல்பட்டுக்குத் தூக்கிப் போனார்கள். அம்மா பிழைத்தார். கயிறு இறுக்கிய கால் கறுத்து, விரல்கள் போயின. அதன்பிறகு அவர் நடவுக்குப் போனதில்லை. அதனால்தான் நான் நர்ஸாக ஆனேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. எங்கள் மாதா கோயிலில் இருந்த கன்னியாஸ்திரிகள் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள், சேர்ந்தேன். வேறு எதற்கும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

இருவரும் கைகளைக் கோத்து நாற்காலி மாதிரி செய்து டீச்சரை உட்காரவைத்துத் தூக்கினார்கள். கரை வழியாகச் சாலை வரை கொண்டுவந்தார்கள். கொஞ்ச நேரம் முன்பு ஏதும் கேட்காமல் கம்பை இறக்கியவர்கள்தான். ஆனால் அவரைத் தூக்கி வந்தபோது காலை ஒருமுறைகூட ஆடவிடவில்லை. சாலையில் வந்த ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் தாமாகவே இறங்கி இடம் விட்டார்கள். பெரியவர் எங்களோடு ஏறிக்கொண்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பாம்பு. "டாக்டர் கேப்பாரு" என்றார்.

நான் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே மதியத்துக்குள் திரும்பி வந்து நின்றேன். "வூட்டுக்குப் போகவே மாட்டியா நீ?" என்று பகல் பணியில் இருந்த தோழி கேட்டாள். கேட்டுக்கொண்டே டீச்சரைப் படுக்கவைத்தாள். கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து நிறுத்திவைத்தோம். விரியன் விஷம் ஏறியிருந்தால் ரத்தம் உறையாமல் தண்ணீராகவே நிற்கும். காத்திருந்து, குழாயைச் சாய்த்துப் பார்த்தோம். உறைந்திருந்தது. எனக்கு அப்போதுதான் கால் வலிக்க ஆரம்பித்தது. சுவரில் சாய்ந்துகொண்டேன்.

பணியிலிருந்த இளம் டாக்டர், "எதுக்கும் நாளைக்கு வரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றார். பெரியவர் பையைத் தூக்கிக் காட்டினார். டாக்டர் பின்னால் நகர்ந்தார். டீச்சர் படுக்கையிலிருந்தே, "என்கிட்ட காட்டுங்கோ" என்றார்.

பையை விரித்துக் காட்டினோம். டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். தலை நசுங்கியிருந்தது. உடம்பில் சதுரங்கக் கட்டம் மாதிரி கறுப்பும் மஞ்சளும்.

"நீர்க்கோலிதான்" என்றார். "விஷமே இல்லாதது. அதும் பாட்டுக்கு மீன் தின்னுண்டு இருந்தது. நான் போய் மிதிச்சேன், அது பயந்து கடிச்சுது. அதுக்குப் போய்..." முடிக்க முடியாமல் அழுதார்.

பெரியவர் குற்றவாளி மாதிரி நின்றார். "எங்களுக்கு இன்னாம்மா தெரியும். ஒங்களக் காப்பாத்தணும்னுதான்..."

அவர் அப்படி நின்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தூக்கமில்லாத உடம்பு, பசி வேறு. என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

"டீச்சர், உங்களக் கடிச்சது நீர்க்கோலி. எங்கம்மாவக் கடிச்சது விரியன். வயல்லயும் ஏரியிலயும் நிக்கறவங்க எது இன்னா பாம்புன்னு கட்டத்த எண்ணிப் பாத்துக்கினு நிக்க முடியாது. பாத்துக்கினு நின்னு கடி வாங்கினா, அவங்கள ஏத்திக்கினு போக ஆட்டோ வராது."

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பெரியவர் பக்கம் திரும்பி, "என்னைக் கீழ போடாம தூக்கிண்டு வந்தேளே, அதுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லலை. தப்பா எடுத்துக்காதீங்கோ" என்றார். பெரியவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "பரவால்லம்மா, எரும தண்ணியிலயே கெடக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகனுக்குப் போன் போட்டோம். அவர் ரயிலேறி வர ஞாயிறு மதியம் ஆகும் என்றார். கூட இருக்க வேறு ஆள் இல்லை. நானே இருந்தேன். எத்தனையோ வருடமாக அந்தக் கட்டில்களைச் சுற்றி நடந்திருக்கிறேன். கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தது அன்றுதான். அங்கிருந்து பார்த்தால் நர்ஸுகளின் செருப்பு மட்டும்தான் தெரிகிறது. செருப்பின் வேகத்தை வைத்தே யாருக்கு என்ன என்று தெரிந்துவிடுகிறது. துணைக்கு இருப்பவர்கள் ஏன் எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பது அன்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது. நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

விடிந்ததும் டீச்சர் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சிஸ்டர், கோவமா?"

"இல்ல டீச்சர். அசதி."

"உங்க அம்மா இப்போ?"

"இல்ல. போய்ச் சேந்துட்டாங்க."

அவர் போர்வையைக் காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, "இன்னிக்கு ஏரிக்கரைக்கு யாரும் போகலைன்னா பாதிக் கணக்குதான் இருக்கும்" என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தவக்காலத்து ஞாயிறு. பூசைக்குப் போக வேண்டும்; போகாவிட்டால் வீட்டுக்குப் போய்த் தூங்கவாவது வேண்டும். ஆனால் மறுபடியும் சரி என்றுதான் வாயில் வந்தது. காலில் கட்டோடு படுத்திருக்கிற ஒருவர் தனக்காக எதையும் கேட்காமல், போய்க் கொக்கு எண்ணிவிட்டு வாருங்கள் என்று கேட்டால் வேறு என்ன சொல்வது?

கணவர் இட்லி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டு, டீச்சர் காதில் விழாதபடி, "இந்தம்மாவுக்குக் கடிச்சும் புத்தி வரல பாரு" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "நீ ஒண்டியாப் போனா அங்கயே எங்கனா வுழுந்து கெடப்ப. எனக்கு மதியானம்தான் வண்டி. நானும் வரேன் வா."

அவருக்குப் பாம்பு என்றால் உயிர் போகும். கரை நெடுகிலும் தரையை ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டே நடந்தார். அந்தச் சத்தத்தில் முக்கால்வாசிப் பறவை எழுந்து அக்கரைக்குப் போனது. "இப்படி மிதிச்சா எதத்தான் எழுதறது?" என்றேன். "பறக்கறப்பவே எண்ணிக்கோ. பறந்தாதான் தெரியுது" என்றார்.

மதகைத் தாண்டி ஒரு பனை நிழலில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று சொன்ன ஞாபகம். எழுந்தபோது நிழல் என்னைவிட்டுத் தள்ளிப் போயிருந்தது. ஆனால் என் முகத்தில் வெயில் படவில்லை. அவர் சட்டையைக் கழற்றிப் பனைமட்டையில் மாட்டி என் பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தார். பனியனோடு எனக்கு முதுகைக் காட்டி, தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தாள் அவர் மடியில் இருந்தது.

வாங்கிப் படித்தேன். பஸ் ட்ரிப் ஷீட் எழுதுகிற கையெழுத்து. 'வெள்ளக் கொக்கு, கூட்டமா. கறுப்பு, கழுத்து நீளம், முங்கி முங்கி எழுந்தது. மூக்கு செவப்பு, சத்தம் ஜாஸ்தி, என்னப் பார்த்துக் கத்திச்சி. சின்னது, நடந்தாக்கூட வால் ஆட்டிக்கினே கீது, பேர் தெரியாது. கீரி, ரோட்ட க்ராஸ் பண்ற மாதிரி ரெண்டு பக்கமும் பார்த்துட்டுப் போச்சி.'

வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன் எழுப்பல?"

"தூங்கினா நல்லா இருக்கியே. நான் எங்க பாக்கறேன் அத."

நான் நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. அவர் காதோரம் இவ்வளவு நரைத்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். வண்டிக்கு நேரமாகிறது என்று அவர் எழுந்து சட்டையை உதறும்வரை அப்படியே இருந்தோம்.

மதியம் மகன் வந்து டீச்சரை வீட்டுக்குக் கூட்டிப் போனார். சாயங்காலம் காலனிக் கூடத்தில் கூடினோம். தெரு மரக்காரர்கள் தங்கள் கணக்கைக் கொடுத்தார்கள். டீச்சர் காலைத் தொங்கவிடக் கூடாது என்பதால் வரவில்லை. ஏரிக் கணக்கை நான் படித்தேன். கணவர் எழுதியதை முதலில் டீச்சரிடம் காட்டியிருந்தேன். அவர் படுத்தபடியே நீர்க்காகம், சிவப்பு மூக்கு ஆள்காட்டி, வாலாட்டிக் குருவி என்று பெயர் போட்டுக் கொடுத்திருந்தார். ஒன்றைக்கூட அடிக்கவில்லை.

நீர்க்கோலி என்று படித்ததும் செயலாளர் கையைத் தூக்கினார்.

"சிஸ்டர், அத மட்டும் வுட்டுடலாமே."

"ஏன்?"

"அது செத்துப் போச்சே. செத்தத எப்படிக் கணக்குல சேக்கறது? அதுவுமில்லாம இத நோட்டீஸ் போர்டுல ஒட்டப் போறோம். ஏரியில பாம்பு கடிச்சிதுன்னு எழுதினா, பின்பக்கத்து மனைய வாங்க எவன் வருவான்?"

அந்த மனைகளில் அவர் மைத்துனருக்கும் பங்கு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாருக்கு வாதம் செய்யத் தெம்பு இருக்கும்? எனக்கும் இல்லை. மறுநாள் காலைப் பணி. ஆனால் அன்று என் அசதி வேறு மாதிரி வேலை செய்தது. சரி என்று சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது சுலபமாக இருந்தது.

"நாங்க பார்த்தப்ப உயிரோட இருந்தது. கடிச்சதும் எழுதுவேன், அடிச்சதும் எழுதுவேன். மனை வாங்க வர்றவங்களுக்கும் கால் இருக்குதில்ல, தெரிஞ்சிக்கட்டும். எனக்குத் தூக்கம் வருது. நான் எழுதிட்டுப் போறேன்."

எழுதினேன். செயலாளர் ஏதோ முணுமுணுத்தார். யாரோ கைதட்டினார்கள். அதை நின்று கேட்க எனக்குப் பொறுமையில்லை.

டீச்சர் கால் சீக்கிரமே ஆறிவிட்டது. கட்டுப் பிரிக்க நான் போனபோது, தரையில் கால் நீட்டி உட்கார்ந்தபடி, அம்மாவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். வண்டி கேட்டுப் போன அப்பாவைப் பற்றியும் சொன்னேன். ஆறுதலாக ஏதும் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ கேட்டு முடித்துவிட்டு, "அன்னிக்கு நீங்க குடை வெச்சு என் காலைக் கட்டினது மாதிரி எல்லாருக்கும் காட்டித் தர முடியுமா?" என்றார்.

அடுத்த மாசியில் எண்ணிக்கை தொடங்கும் முன், மதகடியில் ஜமுக்காளம் விரித்து, காலனிக்காரர்களையும் ஏரியில் மாடு மேய்ப்பவர்களையும் உட்காரவைத்து, பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று நான் பேசினேன். எனக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை. டீச்சர் நோயாளியாகப் படுத்துக் காட்டினார். எந்தப் பாம்பு எது என்று படம் காட்டி அவர் விளக்கும்போது, "கொல்லாதீங்கோ" என்று அழுத்திச் சொல்ல வந்தவர், என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "கிட்டப் போகாதீங்கோ. தள்ளி வந்துடுங்கோ. அது போயிடும்" என்று மாற்றிச் சொன்னார். அது அவர் எனக்காகச் செய்தது என்று நினைக்கிறேன். நாங்கள் நெருங்கிய தோழிகள் ஆகிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். அவர் வீட்டில் நான் கூடத்தைத் தாண்டி உள்ளே போனதில்லை. அவரும் உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டதில்லை. ஆனால் ஏரிக்கரையில் அவர் சொல்ல நான் எழுத, ஒருவர் நடைக்கு ஒருவர் பழகிவிட்டோம்.

சில வருடங்கள் அப்படி நடந்தது. பின்பக்கத்து மனைகள் விற்றுப்போயின. ஏரியின் ஒரு மூலையில் கட்டட இடிபாடு கொட்டினார்கள். நாங்கள் எழுதிவைத்த கணக்குகளை டீச்சர் மனுவோடு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். கொட்டுவது கொஞ்ச காலம் நின்றது, பிறகு வேறு மூலையில் தொடங்கியது. டீச்சருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. மகன் வேலையை மாற்றிக்கொண்டு நாவலூரில் ஃபிளாட் வாங்கி அவரை அழைத்துப்போனார். அதற்கு முன், கடைசியாக நாங்கள் கரையில் நடந்த வருடம், பாதியிலேயே அவர் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்கோ சிஸ்டர். எனக்கு இங்கேர்ந்தே கேக்கறது."

மீதிக் கரையை நான் தனியாக நடந்தேன். அதற்குள் பெயர்கள் பெரும்பாலும் எனக்கே தெரிந்திருந்தன. தெரியாதது வந்தபோது நின்று, வாலையும் மூக்கையும் பார்த்து எழுதிக்கொண்டேன். அன்றும் இரவுப் பணி முடித்துத்தான் போயிருந்தேன். கால் வீங்கியிருந்தது. தண்ணீர் மிகவும் வற்றி, நடுவில் கொஞ்சம்தான் கிடந்தது. இருந்த பறவைகளெல்லாம் அங்கேதான் கூடியிருந்தன; எண்ணுவது சுலபமாக இருந்தது. அந்தச் சுலபம் எனக்குப் பிடிக்கவில்லை. எண்ணி முடித்து, வந்த வழியே திரும்பி நடந்தேன். மறுநாள் திங்கட்கிழமை, காலைப் பணி.